ஒரு சொல், பல பொருள்

ஆங்கிலத்தில் ‘ரன்’ என்னும் வினைச்சொல்லுக்கு மாணவர் முதலில் கற்கும் பொருள் ‘ஓடு’ என்பதாகும். ஆயினும், எல்லா இடங்களிலும் அப்பொருள் பொருந்துவதில்லை. மனிதரோடு வரும்போது ஓடுதலைக் குறிக்கும் அச்சொல், இயந்திரத்தோடு வந்தால் இயங்குதலையும், கடையோடு வந்தால் நடத்துதலையும், மூக்கோடு வந்தால் ஒழுகுதலையும், துணியின் சாயத்தோடு வந்தால் கரைந்து பரவுதலையும் உணர்த்தும். தேர்தலில் அதன் பொருள் போட்டியிடுதல். ‘வேட்பாளர் தேர்தலில் ஓடுகிறார்’ எனச் சொல்லுக்குச் சொல் மொழிபெயர்த்தால், களத்தில் நிற்பவர் களத்தைவிட்டு ஓடுபவராகிவிடுவார். கிரிக்கெட்டில் அச்சொல் பெயராகி ‘ஓட்டம்’ எனப்படும். அங்கே பந்து எல்லைக்கோட்டைத் தொட்டால், மட்டையாளர் ஓடாமலேயே நான்கு ஓட்டங்கள் பெறுவார்.

தமிழிலும் இத்தகைய சொற்கள் உண்டு. ஆறு ஓடும்; கடிகாரம் ஓடும்; திரைப்படமும் நூறு நாள் ஓடும். ‘ஓடு’ என்பது பெயராக வரும்போது கூரையின்மேலும் ஆமையின் முதுகிலும் இருக்கும். பலபொருள் ஒருசொல்லின் பொருளை வினை, இனம், சார்பு ஆகியவற்றால் தெளியலாம் எனத் தொல்காப்பியச் சொல்லதிகாரம் கூறுகிறது. மொழிபெயர்ப்பாளர்க்கும் அதுவே வழி. அகராதி பல பொருள்களைத் தரும். அவற்றுள் ஏற்ற பொருள் எது என்பதைத் தொடரே காட்டும்.