இலைக்குள்ளே குடியிருப்பது யார்?



“பச்சிலைதானே, ஒண்ணும் பண்ணாது” என்று எங்க அப்பத்தா அடிக்கடி சொல்லுவாங்க. மூட்டுவலிக்குப் பாவட்டை இலையை வதக்கி ஒத்தடம் கொடுப்பாங்க. நானும் அப்படித்தான் நம்பினேன். ஆனால் ஒரு ஆட்டு நோயைப் பற்றிப் படித்ததும் எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது.

பயறுச் செடியின் வேர் முடிச்சில் ரைசோபியம் பாக்டீரியா இருக்கிறது என்று பாடத்தில் படித்தோம் அல்லவா? அதே மாதிரி சில செடிகளின் இலைக்குள்ளும் பாக்டீரியா வாழ்கிறது. பாவட்டை இலையை வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துப் பாருங்கள். சின்னச் சின்னக் கரும்புள்ளிகள் தெரியும். அது பூச்சி கடித்த தடம் இல்லை, பாக்டீரியாவின் வீடு!

புள்ளி இருந்தாலே விஷம் என்று பயப்பட வேண்டாம். பாவட்டை வகைச் செடிகள் அந்தப் பாக்டீரியா இல்லாமல் சரியாக வளராது.

ஆனால் தென்னாப்பிரிக்காவில் நடப்பதைக் கேளுங்கள். அங்கே ‘கவ்சீக்தே’ என்று ஒரு நோய் உண்டு. ‘விரைவு நோய்’ என்று அர்த்தம். பாவட்டையின் சொந்தக்காரச் செடிகள் சிலவற்றை மேய்ந்த ஆடு, மாடுகள் நன்றாகவே இருக்கும். 4 முதல் 8 வாரம் கழித்துத் திடீரென்று விழுந்து செத்துப்போகும். பாவெட்டமின் என்ற நச்சு இதயத் தசையைக் கெடுத்துவிடுகிறது. அந்தச் செடிகளை ஆராய்ந்தபோது, இலைக்குள் பர்கோல்டீரியா வகைப் பாக்டீரியா இருந்தது. நச்சுக்கும் அதற்கும் தொடர்பு உண்டு என்று விஞ்ஞானிகள் கருதுகிறார்கள்.

ஆடு செத்தால் நாம் என்ன செய்வோம்? நேற்று மேய்ந்த இடத்தைத்தான் சந்தேகப்படுவோம். போன மாதம் தின்ற இலை ஞாபகத்துக்கு வருமா?

இன்னொரு செய்தி. சீன வைத்தியத்தில் பயன்படும் ஆர்டிசியா கிரெனேட்டா செடியின் இலை ஓரத்திலும் பாக்டீரியா முடிச்சு உண்டு. அந்தப் பாக்டீரியா உண்டாக்கும் ஒரு பொருள் பூச்சியைக் கொல்லும். அதே பொருளை வைத்து ஆஸ்துமாவுக்கு மருந்து தேடி ஆராய்ச்சியும் நடக்கிறது. விஷமும் மருந்தும் ஒன்றாகவே இருக்கலாம்!

“இலையைக் கழுவினால் போகாதா?” என்று கேட்பீர்கள். போகாது. பாக்டீரியா இலையின் மேலே இல்லை, உள்ளே இருக்கிறது. கொதிக்க வைத்தால் பாக்டீரியா சாகும். ஆனால் அது ஏற்கெனவே உண்டாக்கிய நச்சும் போய்விடும் என்று நம்ப முடியாது.

மூலிகையே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. தெரியாத இலையை வாயில் வைக்காதீர்கள். ஒத்தடத்துக்கு உள்ள இலையைக் கஷாயம் வைத்துக் குடிக்காதீர்கள். டாக்டரிடம் போனால் என்ன இலை சாப்பிட்டோம் என்பதையும் மறைக்காமல் சொல்லுங்கள்.

பச்சை என்பது நிறம்தான், உத்தரவாதம் இல்லை!

– 9ஆம் வகுப்பு மாணவி