இருவர் ஆடும் கணக்கு

விவசாயி ஒருவர் நெல் கொள்முதல் நிலையத்துக்கு 23 மூட்டை கொண்டு செல்கிறார் என்று வைத்துக்கொள்வோம். மூட்டைக்கு 40 கிலோ வீதம் மொத்தம் 920 கிலோ. இக்கணக்கு மனத்தில் உடனே தோன்றுமானால், சீட்டில் எழுதப்படும் எண் சரியா தவறா என்பதை அவர் அங்கேயே அறிந்துகொள்வார். தோன்றாவிட்டால், பிறர் எழுதியதை நம்பி வீடு திரும்புவதைத் தவிர வேறு வழியில்லை. கையிலுள்ள கைபேசி கணக்குப் போட்டுவிடும் என்று சிலர் கூறலாம். தவறான எண்ணைத் தட்டினால் அது தவறான விடையையே தரும். அத்தவறைக் கண்டுகொள்ளவும் மனக்கணக்கே வேண்டும். எண்ணையும் எழுத்தையும் இரு கண்களாக நம் முன்னோர் போற்றியது காரணமின்றி அன்று.

இந்த மனக்கணக்குக்கு அடிப்படை தொடக்கப் பள்ளியில் இடப்படுகிறது. அது எவ்வாறு இடப்படுகிறது என்பதை ஊராட்சி உறுப்பினர்களும் பெற்றோரும் அறிந்திருப்பது அவசியம்.

ஒரு புகார்

சில மாதங்களுக்கு முன் நம் ஒன்றியத்தைச் சேர்ந்த ஊர் ஒன்றில் நடந்த கூட்டத்துக்குச் சென்றிருந்தோம். குடிநீர், தெருவிளக்கு ஆகியவை பற்றிப் பேசி முடிந்ததும் பெரியவர் ஒருவர் எழுந்தார். "பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் புளியங்கொட்டை வைத்து ஆடிக்கொண்டிருக்கிறார்கள், ஐயா. இதற்காகவா அனுப்புகிறோம்? நீங்கள் சொல்லி நிறுத்த வேண்டும். இல்லையேல் என் பேரனை வேறு பள்ளியில் சேர்த்துவிடுவேன்" என்றார். மேலும் இருவர் அவர் கூறியதை ஆமோதித்தனர்.

அது இரண்டு ஆசிரியர்களே உள்ள சிறு பள்ளி. நான்கு பிள்ளைகள் விலகினாலும் அதற்குப் பெரிய இழப்பு. ஆகவே மறுநாள் பெரியவரையும் உடன் அழைத்துக்கொண்டு பள்ளிக்குச் சென்றோம். உண்மையைச் சொன்னால், நாமும் ஐயத்துடனேயே சென்றோம்.

தடை எங்கே இருக்கிறது?

ஆசிரியை முதலில் மூன்றாம் வகுப்பு மாணவன் ஒருவனின் பழைய நோட்டைக் காட்டினார். 48-ஐயும் 37-ஐயும் கூட்டும் கணக்கு. பையன் 8-க்கும் 7-க்கும் ஓரத்தில் 15 கோடுகள் இழுத்து, ஒவ்வொன்றாய் எண்ணி, 5 எழுதியிருந்தான். எண்ணி முடிப்பதற்குள் மேலே கொண்டு செல்ல வேண்டிய 1 மறந்துபோயிற்று. விடை 75 என்று எழுதிவிட்டான். சரியான விடை 85.

அவன் கூட்டும் முறை அறியாதவன் அல்லன். எட்டும் ஏழும் பதினைந்து என்பது அவன் நாவில் நிற்கவில்லை; அவ்வளவே. மனம் ஒரே நேரத்தில் சிலவற்றையே தாங்கும். சிறு கூட்டலுக்கே முழுக் கவனமும் செலவானால், பெரிய கணக்கை நடத்திச் செல்ல மீதி இராது. பின்னர் வகுத்தலும் பின்னமும் வரும்போது இத்தகைய குழந்தை முற்றிலும் பின்தங்கிவிடுகிறது. "இவனுக்குக் கணக்கு வராது" என்று நாம் முத்திரை குத்திவிடுகிறோம்.

மனத்தில் நிற்க வேண்டியவை எண்ணற்றவை அல்ல. 1 முதல் 9 வரையுள்ள எண்களை இரண்டிரண்டாகக் கூட்டினால் 81 கூட்டல்கள். 3-உம் 5-உம், 5-உம் 3-உம் ஒன்றே என்று அறிந்தால் அவை 45 ஆகக் குறைகின்றன. பத்து வரையுள்ள வாய்பாடுகளில் 100 பெருக்கல்கள். இதே முறையில் அவை 55 ஆகும். இவற்றில் 1, 2, 5, 10 ஆகிய எளிய வாய்பாடுகளைக் கழித்தால் எஞ்சுபவை 21 மட்டுமே.

இருவராக ஆடுவது ஏன்?

வகுப்பே சேர்ந்து வாய்பாடு ஒப்பிக்கும்போது, வாய் மட்டும் அசைக்கும் குழந்தை யார் என்பது தெரிவதில்லை. வரிசையாக ஒப்பித்துப் பழகிய குழந்தையிடம் ஏழெட்டு எவ்வளவு என்று திடீரெனக் கேட்டால், அது ஓரேழிலிருந்து தொடங்கியே எட்ட வேண்டியிருக்கிறது. ஆசிரியர் ஒவ்வொருவராக எழுப்பிக் கேட்டாலோ, ஒரு பாடவேளையில் ஒரு குழந்தைக்கு ஒரு கேள்வி கிடைப்பதே அரிது.

இருவராக அமர்ந்தால் நிலைமை வேறு. நிமிடத்துக்கு இரண்டு கேள்வி என்று கொண்டாலும் பத்து நிமிடத்தில் ஆளுக்குப் பத்து முறை பயிற்சி கிடைக்கிறது. தவறு செய்தால் அறிவது இணையாளன் ஒருவனே, ஆகவே வெட்கமில்லை. ஆசிரியை ஐந்தாம் வகுப்புக்குப் பாடம் நடத்தும்போது இரண்டாம் வகுப்பு சும்மா இருக்க வேண்டியதில்லை. இரண்டு ஆசிரியர் ஐந்து வகுப்புகளையும் கவனிக்கும் பள்ளிக்கு இது பேருதவி.

நாம் கண்ட விளையாட்டுகள்

முதலாவது, பத்துக் கொட்டை. பத்துப் புளியங்கொட்டைகளில் சிலவற்றை ஒரு குழந்தை கைக்குள் மறைத்து, மற்றவற்றைத் தரையில் வைக்கிறது. மறைந்தவை எத்தனை என்று இணையாள் சொல்ல வேண்டும். கையைத் திறந்தால் கொட்டைகளே விடையைக் காட்டிவிடும். 9-உம் 1-உம், 8-உம் 2-உம், 7-உம் 3-உம், 6-உம் 4-உம், 5-உம் 5-உம் எனப் பத்தாகும் இணைகள் இதனால் பதிகின்றன.

இரண்டாவது, சீட்டுக் கூட்டல். பழைய திருமண அழைப்பிதழ்களை வெட்டி, 1 முதல் 9 வரை ஒவ்வோர் எண்ணுக்கும் நான்காக 36 சீட்டுகள் செய்து, ஆளுக்கு 18 எடுத்துக்கொள்கின்றனர். இருவரும் ஒவ்வொரு சீட்டைத் திறக்க, முறை வைத்து ஒருவர் கூட்டுத்தொகை சொல்கிறார். சரியானால் இரண்டு சீட்டும் அவருக்கு. எட்டும் ஏழும் வந்தபோது ஒரு சிறுமி, "ஏழிலிருந்து இரண்டை எட்டுக்குக் கொடுத்தால் பத்து, மீதி ஐந்து, பதினைந்து" என்றாள். பத்துக் கொட்டையின் பயன் இங்கே தெரிந்தது. கூட்டுவதற்குப் பதிலாக வித்தியாசத்தைச் சொன்னால் இதுவே கழித்தல் பயிற்சியாகும்.

மூன்றாவது, வரிசைக் கற்கள். 4-உம் 6-உம் சீட்டில் வந்தால் வரிசைக்கு 6 கல்லாக 4 வரிசை வைக்க வேண்டும். நேரே அமர்ந்தவருக்கு அது நான்கு ஆறு; பக்கவாட்டில் அமர்ந்தவருக்கு ஆறு நான்கு; கற்களோ அதே 24. தென்னந்தோப்பில் கன்று நடும் விவசாயிக்கு இது புதிதன்று. சில நாள் பழகியபின் கற்களைத் துணியால் மூடி விடை சொல்லி, பிறகு திறந்து சரிபார்க்கின்றனர்.

நான்காவது, இருபது. ஒன்றோ இரண்டோ மாறி மாறிக் கூட்டிச் செல்ல வேண்டும். இருபதைச் சொல்பவர் வென்றவர். பெரியவர் இதைத் தம் பேரனுடன் ஆடி இரண்டு முறை தோற்றார். "எப்படியடா?" என்று கேட்டதற்கு, "பதினேழை நான் சொல்லிவிட்டால் நீங்கள் என்ன செய்தாலும் இருபது எனக்குத்தான், தாத்தா. பதினேழுக்குப் பதினாலு, பதினாலுக்குப் பதினொன்று" என்றான் பையன். மும்மூன்றாய்க் கழித்து வழி கண்டிருந்தான்.

"தேர்வுக்கு இது உதவுமா, அம்மா?" என்று பெரியவர் விடாமல் கேட்டார். ஆசிரியை அதே மூன்றாம் வகுப்பு மாணவனின் புதிய நோட்டைத் திறந்தார். 56-ஐயும் 29-ஐயும் கூட்டி 85 என்று எழுதியிருந்தான். ஓரத்தில் ஒரு கோடுமில்லை. பெரியவர் அதைச் சற்று நேரம் பார்த்துவிட்டு, "இதை முன்பே எங்களிடம் சொல்லியிருக்கலாமே" என்றார். அது நியாயமான குறையே.

கவனிக்க வேண்டியவை

விளையாட்டு பாடத்துக்கு மாற்று ஆகாது. கூட்டல், பெருக்கல் என்பவற்றின் பொருளைப் பொருள்களைக் கொண்டு கற்பித்த பின்னரே இப்பயிற்சி பயன் தரும். நாளொன்றுக்குப் பத்துப் பதினைந்து நிமிடம் போதும். பிறகு நோட்டில் எழுத வேண்டும். யார் முதலில் சொல்வது என்ற ஓட்டப்பந்தயமாக்கினால் மெதுவான குழந்தை அஞ்சி ஒதுங்கும். முறை வைத்து ஆடுவதே நன்று. விரல் விட்டு எண்ணுவதைக் கேலி செய்யலாகாது. தேவை குறையும்போது அது தானே நின்றுவிடும். இணைகளை வாரம்தோறும் மாற்ற வேண்டும். காசு வைத்து ஆடும் பழக்கம் எக்காரணத்தாலும் நுழையக் கூடாது.

நாம் செய்யக்கூடியவை

2022-இல் நம் மாநிலத்தில் தொடங்கப்பட்ட 'எண்ணும் எழுத்தும்' திட்டம், எட்டு வயதுக்குள் குழந்தைகள் பொருளுணர்ந்து படிக்கவும் அடிப்படைக் கணக்குகளைச் செய்யவும் வேண்டும் என்னும் நோக்கமுடையது. 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் பள்ளி மேலாண்மைக் குழுவில் உள்ளாட்சிப் பிரதிநிதிகளுக்கும் பெற்றோருக்கும் இடமளித்துள்ளது. அக்குழுக் கூட்டத்தில் கட்டடம், கழிப்பறை பற்றிக் கேட்பதோடு, "எத்தனை பிள்ளைகள் கோடு இழுக்காமல் கூட்டுகிறார்கள்?" என்றும் கேட்போமாக. ஆசிரியர்களும் இவ்விளையாட்டுகளைப் பெற்றோருக்கு ஆடிக் காட்டுவார்களாக.

செலவு ஒன்றுமில்லை. புளியங்கொட்டை வீட்டிலேயே உண்டு. பதினான்கு குழிகளில் ஐந்தைந்தாக எழுபது காய் இட்டுப் பல்லாங்குழி ஆடிய பாட்டிமார் இன்னும் நம் ஊர்களில் இருக்கின்றனர். மாலையில் பத்து நிமிடம் குழந்தையின் எதிரே அமர்ந்து ஆட ஒருவர் வேண்டும். தோற்றாலும் இழப்பில்லை, குழந்தையின் கணக்கு வளர்ந்திருக்கும்.