இலவச வேனும் ஐந்து பெட்டிகளும்

அமெரிக்காவின் ஃபுளோரிடா மாநிலத்தில் உள்ள ஆர்லாண்டோ நகரம். இரவு மணி பதினொன்றைத் தாண்டியிருந்தது. சிங்கப்பூரிலிருந்து விமானம் மாறி மாறி வந்து சேர்ந்த ஒரு குடும்பம், விமான நிலைய வாசலில் தங்குவிடுதியின் வேனுக்காகக் காத்திருந்தது. அப்பா, அம்மா, உயர்நிலை இரண்டில் படிக்கும் மகள், தொடக்கப்பள்ளி மாணவனான தம்பி ஆகியோருடன் ஐந்து பெரிய பெட்டிகளும் நின்றன. விடுதி அனுப்பியிருந்த தாளில், விமான நிலையத்திலிருந்து விடுதிவரை போக்குவரத்து இலவசம் என்று தடித்த எழுத்தில் அச்சாகியிருந்தது.

வேன் வந்தது. ஓட்டுநருக்கு அறுபது வயதுக்கு மேல் இருக்கும். ஐந்து பெட்டிகளையும் அவரே ஒவ்வொன்றாகத் தூக்கிப் பின்பக்கத்தில் அடுக்கினார். அப்பா உதவப் போனபோது சிரித்தபடி கையசைத்து மறுத்துவிட்டார். இருபது நிமிடங்களில் விடுதி வாசல் வந்தது. மறுபடியும் ஐந்து பெட்டிகளையும் அவரே இறக்கினார். அதே வேனில் வந்த ஒரு தம்பதியர், இறங்கும்போது மடித்த நோட்டு ஒன்றை ஓட்டுநரின் கையில் வைத்தனர். அவரும் தலையசைத்து நன்றி சொல்லி அதைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

மகள் இதைக் கவனித்துவிட்டாள்.

"அப்பா, நாமளும் குடுக்கணுமா?"

"இலவசம்னுதானே போட்டிருக்கு?"

"அப்ப அவங்க ஏன் குடுத்தாங்க?"

"என்னங்க, அஞ்சு பெட்டியையும் அவர்தானே தூக்கினாரு. ஏதாவது குடுங்க," என்றார் அம்மா.

அப்பா பணப்பையைத் திறந்து பார்த்தார். உள்ளே இருந்தவை எல்லாம் 20 டாலர் நோட்டுகள். ஒரு நோட்டைக் கொடுத்தால் மிக அதிகம். கொடுத்துவிட்டு மீதி கேட்பதோ கூச்சம். ஓட்டுநர் பின்கதவை மூடிக்கொண்டிருந்தார்.

சிங்கப்பூரிலிருந்தோ மலேசியாவிலிருந்தோ அமெரிக்காவுக்குப் போகும் பலருக்கும் இந்தத் தயக்கம் வரும். கஞ்சத்தனத்தால் வரும் தயக்கம் அன்று அது. நம் ஊரில் பேருந்து ஓட்டுநருக்கோ டாக்சி ஓட்டுநருக்கோ கட்டணத்துக்கு மேல் பணம் கொடுத்துப் பழக்கமில்லை. அப்படியிருக்க, கட்டணமே இல்லாத வேனில் எதற்குப் பணம் என்று தோன்றுவது இயல்பு.

முதலில் 'இலவசம்' என்ற சொல்லைக் கொஞ்சம் உரசிப் பார்க்க வேண்டும். வேனுக்கு எரிபொருள் வேண்டும், காப்புறுதி வேண்டும், ஓட்டுநருக்குச் சம்பளம் வேண்டும். இவை எவையும் இலவசமாகக் கிடைப்பதில்லை. விடுதி தனது வருமானத்திலிருந்து அவற்றைச் செலுத்துகிறது. அந்த வருமானம் அறைக் கட்டணமாகப் பயணிகளிடமிருந்து வருவது. ஆகவே, அந்தத் தாளில் உள்ள 'இலவசம்' என்பதற்கு, வேனில் ஏறும்போது யாரும் கட்டணம் கேட்கமாட்டார்கள் என்பது மட்டுமே பொருள். ஓட்டுநருக்கு எவ்வளவு சம்பளம், அது யார் பையிலிருந்து வருகிறது என்பதைப் பற்றி அந்தச் சொல் எதுவும் சொல்வதில்லை.

ஆர்லாண்டோவிலேயே இதற்கு ஒரு பெரிய எடுத்துக்காட்டு இருந்தது. டிஸ்னி விடுதிகளில் தங்குவோருக்காக 2005ஆம் ஆண்டு முதல் 2022 ஜனவரி வரை 'மேஜிக்கல் எக்ஸ்பிரஸ்' என்ற கட்டணமில்லாப் பேருந்துச் சேவை ஓடியது. பேருந்தின் மேல் டிஸ்னியின் பெயர் இருந்தது. ஆனால், அதை ஓட்டியவர்கள் வேறொரு போக்குவரத்து நிறுவனத்தின் ஊழியர்கள். பயணி தங்குவது ஒரு நிறுவனத்தில். அவருடைய பெட்டியைத் தூக்குபவருக்குச் சம்பளம் கொடுப்பது இன்னொரு நிறுவனம். இப்படிப்பட்ட ஏற்பாட்டில், 'எல்லாவற்றுக்கும் நான் ஏற்கெனவே பணம் கட்டிவிட்டேன்' என்று பயணி நினைப்பதும், அதில் தன் பங்கு எவ்வளவு என்று ஓட்டுநருக்குத் தெரியாமல் இருப்பதும் நடக்கக்கூடியவையே.

இனிச் சம்பளத்துக்கு வருவோம். அமெரிக்கக் கூட்டரசுச் சட்டப்படி ஒரு மணி நேர வேலைக்கான குறைந்தபட்சச் சம்பளம் 7.25 டாலர். 2009 முதல் இந்தத் தொகை மாறவில்லை. ஆனால், வாடிக்கையாளரிடமிருந்து வழக்கமாக டிப்ஸ் பெறும் ஊழியராக இருந்தால், முதலாளி தம் கையிலிருந்து 2.13 டாலர் மட்டும் கொடுத்தால் போதும். இந்தத் தொகையோ 1991 முதல் அப்படியே இருக்கிறது. மீதி, டிப்ஸாக வந்து சேரும் என்று சட்டமே கணக்குப் போட்டு வைத்திருக்கிறது. வந்து சேராவிட்டால், குறையும் தொகையை முதலாளி ஈடுகட்ட வேண்டும் என்பதும் சட்டத்தில் உண்டு.

மாநிலத்துக்கு மாநிலம் இந்தக் கணக்கு மாறும். கலிஃபோர்னியா, வாஷிங்டன் போன்ற மாநிலங்களில் டிப்ஸைக் காட்டிச் சம்பளத்தைக் குறைக்க முடியாது. ஃபுளோரிடாவில் குறைக்கலாம். அங்கு 2025 செப்டம்பர் இறுதியில் குறைந்தபட்சச் சம்பளம் மணிக்கு 14 டாலராக உயர்ந்தது. டிப்ஸ் பெறும் ஊழியர்களுக்கு முதலாளி கொடுக்க வேண்டியது 10.98 டாலர்தான். இடையில் உள்ள 3.02 டாலரை, வேனிலிருந்து இறங்கும் முகமறியாத பயணிகள் கொடுப்பார்கள் என்பது எதிர்பார்ப்பு. எல்லா வேன் ஓட்டுநர்களும் இந்தக் கணக்கில் வருவதில்லை. முழுச் சம்பளம் பெறுவோரும் உண்டு. ஆனால், எந்த ஓட்டுநர் எந்த வகை என்பது அவர் சட்டைமேல் எழுதியிருக்காது. வாசலில் நின்ற அப்பாவுக்கு அதைத் தெரிந்துகொள்ள வழியே இல்லை.

சம்பளத்தின் ஒரு பகுதியைப் பயணியின் மனநிலையிடம் விட்டுவிடும் இந்த விந்தையான ஏற்பாடு எப்படி வந்தது? இதன் பின்னால் நீண்ட வரலாறு உண்டு. அதில் ஒரு முக்கியப் பகுதி இரயிலில் நடந்தது.

அமெரிக்காவில் 1865இல் உள்நாட்டுப் போர் முடிந்து அடிமைமுறை ஒழிந்தது. அதன்பின் புல்மன் நிறுவனம் தன் படுக்கை வசதி கொண்ட சொகுசு இரயில் பெட்டிகளில் வேலை செய்ய, விடுதலை பெற்ற கறுப்பின ஆண்களைப் பெரும் எண்ணிக்கையில் சேர்த்தது. பயணிகளின் பெட்டிகளைத் தூக்குவது, படுக்கை விரிப்பது, காலணிகளைத் துடைத்து வைப்பது ஆகியவை அவர்களின் வேலை. 1920களில் அவர்கள் மாதத்துக்கு 400 மணி நேரம் வரை உழைத்தார்கள். நிறுவனம் கொடுத்த சம்பளம் மிகக் குறைவு. பயணிகள் கொடுக்கும் டிப்ஸ் இல்லாமல் குடும்பம் நடத்த முடியாது. அதனால் எந்த அவமதிப்பையும் சிரித்துக்கொண்டே ஏற்க வேண்டியிருந்தது. பல பயணிகள் அவர்களுடைய பெயரைக்கூடக் கேட்பதில்லை. நிறுவனத்தின் உரிமையாளர் ஜார்ஜ் புல்மனின் பெயரால் எல்லாரையும் 'ஜார்ஜ்' என்றே கூப்பிட்டார்கள். அடிமையை எசமானின் பெயரால் அழைத்த பழைய வழக்கத்தின் எச்சம் அது.

1925 ஆகஸ்டில் ஏ. ஃபிலிப் ராண்டால்ஃபின் தலைமையில் இந்த ஊழியர்கள் நியூயார்க்கில் ஒரு தொழிற்சங்கம் தொடங்கினார்கள். டிப்ஸை நம்பி வாழும் நிலை மாறி, நிலையான சம்பளம் வேண்டும் என்பது அவர்களின் முக்கியக் கோரிக்கைகளில் ஒன்று. நிறுவனம் டிப்ஸைச் சம்பளத்துக்கு ஈடாகக் கருதுவது முறையற்றது என்று அரசாங்க ஆணையம் ஒன்றிடம் முறையிட்டும் பார்த்தார்கள். அது தன் அதிகாரத்துக்கு உட்பட்டதன்று என்று ஆணையம் 1928இல் கைகழுவிவிட்டது. கடைசியில் பன்னிரண்டு ஆண்டுப் போராட்டத்துக்குப் பிறகு, 1937இல் புல்மன் நிறுவனம் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டது. சம்பளம் உயர்ந்தது, மாத வேலை நேரம் 240 மணியாகக் குறைந்தது.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். டிப்ஸை எதிர்த்து முதலில் எழுந்தவர்களில், அதை வாங்கியவர்களும் இருந்தார்கள். அவர்கள் கேட்டது பணமே வேண்டாம் என்றன்று. உழைப்புக்கான கூலி, இன்னொருவரின் தயவாக வரக்கூடாது என்பதே அவர்கள் சொன்னது.

டிப்ஸ் கொடுக்கக் கூடாது என்போரும் இதே வரலாற்றைச் சுட்டிக்காட்டுவார்கள். 'நான் கொடுக்கக் கொடுக்க, முதலாளி சம்பளத்தை உயர்த்தாமலே இருப்பார்' என்பது அவர்களின் வாதம். அதில் உண்மை இருக்கிறது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சில அமெரிக்க மாநிலங்கள் டிப்ஸைத் தடைசெய்து சட்டமே இயற்றின. வாஷிங்டன் மாநிலம் 1909இல் அதைத் தொடங்கி வைத்தது. 1926க்குள் அத்தனை சட்டங்களும் நீக்கப்பட்டுவிட்டன. ஆனால், இந்த வாதத்தில் ஓர் ஓட்டையும் உண்டு. ஒரு பயணி இன்று இரவு டிப்ஸ் கொடுக்காமல் போனால் முதலாளியின் மனம் மாறிவிடாது. அந்த ஓட்டுநரின் அன்றைய வருமானம்தான் குறையும். சம்பள முறை தவறு என்றால், அதைச் சட்டமன்றத்திலும் தொழிற்சங்கத்திலும் சரிசெய்ய வேண்டும். அந்தச் சண்டைக்கான செலவை வேன் ஓட்டுநரின் பையிலிருந்து எடுப்பது எளிது; நியாயமாகாது.

நம் ஊரிலும் இந்தக் கேள்வி வேறு வடிவில் இருக்கிறது. சிங்கப்பூரில் பல உணவகங்கள் பில்லில் பத்து விழுக்காடு சேவைக் கட்டணம் சேர்க்கின்றன. அதன்மேல் ஒன்பது விழுக்காடு பொருள், சேவை வரியும் வரும். சேவைக் கட்டணம் பரிமாறியவருக்கே போகிறது என்று சாப்பிட்டவர் நினைத்துக்கொள்ளலாம். ஆனால், அப்படித்தான் கொடுக்க வேண்டும் என்று சிங்கப்பூரில் சட்டம் எதுவும் இல்லை. மலேசியாவில் இது நீதிமன்றம் வரை போனது. குறைந்தபட்சச் சம்பளச் சட்டம் வந்தபின், ஊழியர்களுக்குச் சேரவேண்டிய சேவைக் கட்டணத்தைக் கொண்டே அந்தக் குறைந்தபட்சத் தொகையை நிரப்பலாமா என்று தங்குவிடுதித் துறையில் வழக்கு எழுந்தது. அப்படிச் செய்யக்கூடாது என்று கூட்டரசு நீதிமன்றம் 2021இல் தீர்ப்பளித்தது. வாடிக்கையாளர் ஊழியருக்கென்று கொடுத்த பணம் ஊழியருடையது. முதலாளி தம் கடமையை அதைக் கொண்டு தீர்த்துக்கொள்ள முடியாது. புல்மன் ஊழியர்கள் கேட்டதும் ஏறக்குறைய இதையேதான்.

எனவே எல்லா நாட்டுக்கும் ஒரே விதி செல்லாது. ஜப்பானில் வேன் ஓட்டுநரிடம் டிப்ஸை நீட்டினால் அவர் குழம்பிப் போவார். மறந்து வைத்த பணம் என்று எண்ணித் திருப்பித் தரவும் பார்ப்பார். அங்கே நன்றி சொல்லித் தலைவணங்கினால் போதும். சிங்கப்பூரில் அடுக்குமாடி வீட்டின் துப்புரவாளருக்குப் பண்டிகைக் காலத்தில் ஆங் பாவ் கொடுக்கும் வழக்கம் சில குடும்பங்களில் உண்டு. அது ஆண்டு முழுவதும் பார்த்துப் பழகிய ஒருவருக்குக் கொடுப்பது. சம்பளக் கணக்கில் சேராதது. அமெரிக்க வேனில் நடப்பது வேறு. அங்கே, பெட்டிகளைத் தூக்கும் ஓட்டுநருக்குப் பெட்டிக்கு 1 அல்லது 2 டாலர் கொடுப்பது பொதுவான வழக்கம். பெட்டியைத் தொடாமல் வேனை மட்டும் ஓட்டினால் கொடுக்காமல் இறங்குவோரும் உண்டு. யாரும் முகம் சுளிக்கமாட்டார்கள். டிப்ஸ் வாங்குவதில்லை என்று வேனில் அறிவிப்பு இருந்தால், ஓட்டுநரை வற்புறுத்தக் கூடாது. வாங்கினால் அவர் வேலைக்கே ஆபத்து வரலாம். முன்பதிவு செய்தபோதே டிப்ஸ் சேர்க்கப்பட்டுவிட்டதா என்று இரசீதைப் பார்ப்பதும் நல்லது.

பல நேரங்களில் உண்மையான சிக்கல் இந்த நியாயங்கள் எதுவுமே அன்று. கையில் சில்லறை இல்லாததுதான். பணம் வழங்கும் இயந்திரம் 20 டாலர் நோட்டுகளைத் தள்ளும். விமான நிலையத்தில் ஒரு தண்ணீர்ப் புட்டி வாங்கியிருந்தால்கூட மீதியாகச் சில ஒரு டாலர் நோட்டுகள் கிடைத்திருக்கும்.

ஆர்லாண்டோவில் நின்ற அப்பாவுக்கும் அதுதான் நேர்ந்தது. "ஒரு நிமிஷம்" என்று ஓட்டுநரிடம் சைகை காட்டிவிட்டு, நோட்டை மாற்ற விடுதிக்குள் ஓடினார். முகப்பில் அவருக்குமுன் இருவர் நின்றார்கள். சில்லறையோடு திரும்பி வந்தபோது வேன் இல்லை. அடுத்த விமானம் இறங்கிவிட்டது, ஓட்டுநருக்கு அழைப்பு வந்தது என்றார் அம்மா. மகள் முகப்பில் ஓர் உறை வாங்கி, ஏழு டாலரை உள்ளே வைத்து, 'இரவு 11 மணி வேன் ஓட்டுநருக்கு' என்று ஆங்கிலத்தில் எழுதினாள். அவர் பெயரைக் கேட்டுக்கொள்ளவில்லையே என்று அப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

ஆறு நாள் கழித்து, அதே வேன் காலையில் அவர்களை விமான நிலையத்துக்கு ஏற்றிச் சென்றது. ஓட்டியவர் ஓர் இளைஞர். மகள் அவரிடம் அந்த உறையைப் பற்றிக் கேட்டாள். இரவு வண்டியை ஓட்டுபவரைத் தாம் பார்ப்பதே அரிது என்றும், உறை அவருக்குக் கிடைத்ததா என்று தெரியவில்லை என்றும் அவர் சொன்னார். பெட்டிகள் இப்போது ஆறாகியிருந்தன. இறங்கும் முன்பே அப்பாவின் கையில் ஒரு டாலர் நோட்டுகள் எண்ணி மடித்துத் தயாராக இருந்தன. மகள் அவரிடம் பெயரைக் கேட்டாள்.