அவர்களுக்கு அம்மன் என்ன முறை?

அன்புள்ள கயல்விழிக்கு,

பெரியம்மா எழுதுவது. உன் கடிதம் வந்தது. விடுதி அறையில் நவராத்திரிச் சண்டை பலமாகத்தான் நடந்திருக்கிறது. குஜராத்துப் பெண் தானியத்தைக்கூடத் தொடாமல் விரதம் இருக்கிறாள். கொல்கத்தாப் பெண் நவமியன்று ஆட்டுக்கறி இல்லாமல் பூஜையா என்கிறாள். நம் வீட்டுச் சுண்டல்தான் சாஸ்திரம் என்று நீ இருவரோடும் மல்லுக்கு நின்றிருக்கிறாய். யார் சரி என்று கேட்கிறாய்.

மூவரும் சரி. இதை மட்டும் சொல்லி நிறுத்தினால் மழுப்பல் என்பாய். ஆகவே காரணத்தையும் கேள். மகாளய அமாவாசைக்கு மறுநாள் தொடங்கும் ஒன்பது இரவுகள் ஏறக்குறைய எல்லோருக்கும் பொது. அம்மன் மகிஷாசுரனை அழித்த கதையும் பெரும்பாலும் பொது. அவளை என்ன முறை வைத்து அழைக்கிறார்கள் என்பதில்தான் ஊருக்கு ஊர் மாறுகிறது. அது தெரிந்தால் இலையில் ஏன் அது விழுகிறது என்பதும் விளங்கும்.

வங்காளத்தில் அவள் மகள். கயிலாயத்தில் வாழ்க்கைப்பட்டவள், லட்சுமி, சரஸ்வதி, கணேசன், கார்த்திக் என்று நான்கு பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு பிறந்த வீட்டுக்கு வருகிறாள். கொல்கத்தாவின் குமார்டுலியில் மூங்கிலும் வைக்கோலும் கட்டி, ஆற்று மண் பூசி அவளை உருவாக்குகிறார்கள். மரபுப்படி மகாளயத்தன்று கண் திறப்பார்கள். சஷ்டியில் வரவேற்பு. சப்தமி விடியலில் ஒரு வாழைக்கன்றை ஆற்றில் நீராட்டி, சேலை உடுத்திக் கணேசன் பக்கத்தில் நிறுத்துவார்கள். அது ஒன்பது செடிகளைச் சேர்த்துக் கட்டிய நவபத்திரிகை. தேவியின் இன்னொரு வடிவம். அஷ்டமி முடிந்து நவமி பிறக்கும் சந்தியில் 108 விளக்கு ஏற்றுவார்கள். தசமியன்று மணமான பெண்கள் அவள் முகத்தை வெற்றிலையால் ஒற்றி, வாயில் இனிப்பு ஊட்டி, நெற்றியில் குங்குமம் இட்டு அனுப்பிவைக்கிறார்கள். தாய்வீட்டுக்கு வந்த பெண்ணைப் பட்டினி போட யாருக்கு மனம் வரும்? சாக்த வழிபாட்டில் பலியும் பழைய வழக்கம். இன்று பல இடங்களில் ஆட்டுக்குப் பதிலாகச் சாம்பல் பூசணியை வெட்டுகிறார்கள். உன் தோழியின் ஆட்டுக்கறி விருந்து இந்த வழியாக வந்தது.

குஜராத்தில் அவள் கருவில் இருக்கும் ஒளி. துளையிட்ட மண் பானைக்குள் விளக்கேற்றி நடுவில் வைத்து, சுற்றிச் சுற்றிக் கர்பா ஆடுகிறார்கள். பானையை உடம்பாக எண்ணி, அதற்குள் விளக்கை வைத்துக் காக்கும் நாட்களில் உணவைக் கட்டுவது இயல்புதான். யுனெஸ்கோ தன் பண்பாட்டு மரபுப் பட்டியலில் துர்கா பூஜையை 2021-லும் கர்பாவை 2023-லும் சேர்த்தது. விருந்துக்கும் விரதத்துக்கும் அங்கே ஒரே பந்தி!

மைசூரில் அவள் அரசி. விஜயநகர மன்னர்களின் மகாநவமி விழாவைத் தொடர்ந்து, 1610-இல் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் ராஜ உடையார் தசராவைத் தொடங்கினார். ஒருகாலத்தில் யானைமேல் தங்க அம்பாரியில் மகாராஜா வீற்றிருந்தார். இன்று அந்த 750 கிலோ அம்பாரியில் சாமுண்டீஸ்வரி வருகிறாள். மன்னராட்சி போயிற்று, அவள் ஆட்சி போகவில்லை.

தெலங்கானாவில் அவளுக்கு ஆயுதமே கிடையாது. நம் ஊரில் வேலியோரம் மஞ்சளாகப் பூத்துக் கிடக்குமே ஆவாரம்பூ, அதையும் பிற காட்டுப்பூக்களையும் தாம்பாளத்தில் அடுக்கடுக்காகக் கோபுரம்போல் எழுப்பி, உச்சியில் மஞ்சளில் பிடித்த கௌரம்மாவை வைக்கிறார்கள். அதுதான் பதுகம்மா. பெண்கள் கைகொட்டிப் பாடிச் சுற்றிவந்து, மழையில் நிறைந்த ஏரியில் பூக்கோபுரத்தை விடுகிறார்கள். அங்கே அவள் கூடப் பிறந்தவள்போல. பாட்டில் தங்கள் வீட்டுக் கதையையே அவளிடம் சொல்லிவிடுவார்கள்.

நம் தூத்துக்குடி மாவட்டத்துக் குலசேகரன்பட்டினத்துக்கு வா. முத்தாரம்மனுக்கு நேர்ந்துகொண்டவர்கள் மாலை போட்டு, காப்புக் கட்டி, காளி, குறத்தி, குரங்கு, கரடி, போலீஸ்காரர் என்று வேடம் கட்டுகிறார்கள். வேடத்தோடு ஊர் ஊராகப் போய்க் காணிக்கை எடுத்துக் கோயிலில் சேர்க்கிறார்கள். வசதி உள்ளவரும் அந்த நாட்களில் கை நீட்டித்தான் ஆக வேண்டும். பத்தாம் நாள் இரவு கடற்கரையில் சூரசம்ஹாரம். அங்கே முறை சொல்லவே இடமில்லை. காளி வேடம் கட்டிய பக்தன் சில நாட்கள் தானே அவளாகிவிடுகிறான்.

நம் வீட்டுக் கொலுவில் அவள் வாசல் தேடி வரும் விருந்தாளி. வருகிற பெண்கள் எல்லோருமே அம்பாள் என்றுதான் பாட்டி சொல்வாள். அதனால்தான் சிறுமிக்கும் வெற்றிலை பாக்கு, மஞ்சள் குங்குமம். எத்தனை பேர் வந்தாலும் ஆளுக்கொரு பொட்டலம் கொடுத்தனுப்பச் சுண்டலைவிட வசதியானது வேறில்லை. நீ சாஸ்திரம் என்று வாதாடியது உண்மையில் விருந்தோம்பல்.

ஆகையால் இனி ஒருவர் பூஜையைப் பார்க்கும்போது "இது சரியா?" என்று தொடங்காதே. அவளை இவர்கள் யாராக நினைத்து அழைக்கிறார்கள் என்று கேள். அவர்கள் உற்சாகமாகச் சொல்வார்கள். உனக்கும் புத்தகத்தில் கிடைக்காதது கிடைக்கும். கர்பாவுக்குக் கூப்பிட்டால் போய் ஆடு. தசமியன்று சந்தேஷ் இனிப்பை நீட்டினால் வாங்கிக்கொள். கறி வேண்டாமென்றால் வேண்டாம் என்று சிரித்துச் சொல், அதில் தவறில்லை. உன் இலையில் என்ன விழவேண்டும் என்பது உன் முடிவு. அடுத்த இலைக்கு நீதிபதியாகப் போகாதே.

அன்புடன்,
பெரியம்மா