யாருக்காகச் செய்த சோதனை?

உயர்நிலைப் பள்ளியில் நாம் எல்லோரும் விஞ்ஞானச் செய்முறைக் குறிப்பு எழுதியிருக்கிறோம். நோக்கம், பொருள்கள், செய்முறை, முடிவு என்று நான்கு தலைப்புகள். வாசிப்பவர் ஆசிரியர் ஒருவரே. அவருக்கோ முடிவு முன்பே தெரியும். தெரிந்தவருக்குத் தெரிந்ததையே எழுதிக் காட்டுவதில் மாணவனுக்கு என்ன அக்கறை பிறக்கும்?

இதற்கு மாற்றாக வந்ததே செயல்திட்ட முறை. அமெரிக்கக் கல்வியாளர் கில்பாட்ரிக் 1918-இல் இதைப் பற்றிக் கட்டுரை எழுதிப் பரப்பினார். 1937-இல் வார்தாவில் காந்தியடிகள் முன்வைத்த ஆதாரக் கல்வியும் இதற்கு அயலன்று. வரலாறு இவ்வளவு போதும். என் கருத்தில், இம்முறையின் பயனில் பாதி செயலில் உள்ளது. மறுபாதி கேட்பவரிடத்தில் உள்ளது.

சென்ற ஆண்டு, இங்கே தமிழ்க் கூலித் தொழிலாளர் வாழும் குடியிருப்பு ஒன்றில், ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் அறுவருக்குத் துணையாகச் சென்றேன். எடுத்துக்கொண்ட பொருள் குடிநீர். குவாலியரிலுள்ள பாதுகாப்பு ஆராய்ச்சி நிலையத்து விஞ்ஞானிகள் 1982-இல் வெளியிட்ட எளிய சோதனை ஒன்று உண்டு. மருந்தூட்டிய காகிதம் இட்ட, கிருமி நீக்கிய புட்டியில் நீரை ஊற்றி, வெதுவெதுப்பான இடத்தில் ஓரிரு நாள் வைக்க வேண்டும். மலத்தால் கெட்ட நீரில் ஹைட்ரஜன் சல்பைடு வாயுவை உண்டாக்கும் கிருமிகளும் பெரும்பாலும் இருக்கும். அவ்வாயு மருந்திலுள்ள இரும்போடு கூடினால் நீர் கறுத்துவிடும்.

வீட்டுக் குடங்களிலிருந்து எடுத்த ஐந்தில் மூன்று கறுத்தன. பிள்ளைகளுக்கோ ஒரே மகிழ்ச்சி. சோதனை 'வெற்றி' அல்லவா! ஞாயிறன்று தெருப் பெண்கள் முன் புட்டிகளை வரிசையாக வைத்தனர். பாட்டி ஒருவர் கேட்டார்: “கறுத்துப் போச்சு, சரி கண்ணு. குழாயிலயே கெட்டு வருதா, எங்க குடத்துல கெட்டுப் போகுதா?”

எந்தத் தேர்வாளரும் கேட்டிராத கேள்வி அது. மறுவாரம் பிள்ளைகள் குழாயிலும் குடத்திலும் தனித்தனியே நீர் எடுத்தார்கள். காய்ச்சி ஆற்றிய நீரும் ஒரு புட்டியில் வைத்தார்கள். ஒப்பீட்டுச் சோதனை என்னும் பெயரை நான் சொல்லும் முன்பே அதன் தேவை அவர்களுக்கு விளங்கிவிட்டது. குழாய் நீர் தெளிந்தே நின்றது, கறுத்தவை குடங்களே. குடத்துக்குள் கைபடாமல் மொள்ள, நீண்ட பிடியுள்ள அகப்பை வேண்டும் என்று பேச்சு திரும்பியது.

அறிவிப்புப் பலகையில் ஒரு சிறுவன், ‘குழாய் நீர் முற்றிலும் நல்லது’ என்று எழுதினான். உடனிருந்த பெண் அதை அழித்தாள். “நைட்ரேட் இருந்தா இதுல தெரியாது. காய்ச்சினாலும் போகாது. எங்கம்மா இதை நம்பித்தான் தம்பிக்குக் குடுப்பாங்க” என்றாள். ‘இச்சோதனையில் கிருமி தென்படவில்லை’ என்று திருத்தி எழுதினார்கள். அந்த எச்சரிக்கையான ஒரு வரியை எழுத எனக்குப் பட்ட வகுப்பு வரை ஆயிற்று!

குளிர் தொடங்கினால் புட்டிகள் கறுக்க நாளாகும். அதற்குள் அடுத்த தெருவுக்குச் செல்ல எண்ணியிருக்கிறோம். அங்கே பாதி வீடுகளில் இந்தி பேசுகிறார்கள். நன்றாக இந்தி பேசும் சங்க அன்பர் இருவர் எங்களோடு வரவேண்டும்.