கண் தெரியாமல் தடுமாறும் அணிலுக்கு

தாம்பரம், சேலையூர், செம்பாக்கம் பக்கம் தென்னை நிற்கும் வீட்டில் அணிலும் குடியிருக்கும். கிறிஸ்தவக் கல்லூரி வளாகத்து மரங்களிலும் அதுதான், நம் வீட்டு ஏசி பெட்டிக்குப் பின்னால் தேங்காய் நார் சேர்ப்பதும் அதுதான். காக்கை கொத்தியோ, பூனை கவ்வியோ, கிளையிலிருந்து விழுந்தோ கண் பாதித்த அணில் வாசலுக்கு வந்தால்:

1. முதலில் குட்டியா என்று பாருங்கள். பிறந்து சுமார் மூன்று வாரம் வரை அணில்குட்டிக்குக் கண் திறக்காது. ரோமம் குறைவாக, இமை ஒட்டியிருந்தால் அதற்குப் பார்வைக் கோளாறு இல்லை, கூட்டிலிருந்து விழுந்திருக்கிறது. காயம் இல்லையென்றால் உடம்பைச் சூடாக்கி, அதே மரத்தில் பூனை எட்டாத உயரத்தில் சிறு பெட்டியில் வையுங்கள். நாம் விலகி நின்றால் பகல் வெளிச்சத்திலேயே தாய் வந்து கவ்விக்கொண்டு போக வாய்ப்பு உண்டு.

2. வளர்ந்த அணிலை வெறுங்கையால் பிடிக்காதீர்கள். பழைய பருத்தித் துணியை மேலே போட்டு, துணியோடு அள்ளுங்கள். தலை மூடியதும் ஓரளவு அடங்கிவிடும். வாலைப் பிடித்தால் தோல் உரிந்து கையோடு வரும். கடித்துவிட்டால் சோப்பு போட்டு, ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு டாக்டரைப் பாருங்கள்.

3. காற்றுத் துளையிட்ட செருப்பு அட்டைப்பெட்டி போதும். கம்பிக் கூண்டில் போட்டால் முட்டி மோதி மூக்கை உடைத்துக்கொள்ளும். டர்க்கி டவல் விரித்தால் நூலில் நகம் மாட்டும். அணில் சில்லிட்டிருந்தால் வெந்நீர் பாட்டிலைத் துணியில் சுற்றிப் பெட்டியின் ஒரு பக்கம் மட்டும் வையுங்கள். சூடு போதுமென்றால் அது மறுபக்கம் நகர இடம் வேண்டும். கத்திரி வெயிலில் பாட்டிலே வேண்டாம், மொட்டைமாடி அறையும் வேண்டாம்.

4. பசும்பால் கொடுக்காதீர்கள், வயிற்றுப்போக்கு வரும். இங்க் ஃபில்லரில் தண்ணீரை வாயில் பீய்ச்சுவதும் கூடாது. புரையேறி நுரையீரலுக்குள் போனால், கண் காயத்தோடு பிழைத்திருக்க வேண்டியது அதனால் செத்துப்போகும்.

5. கண்ணில் தாய்ப்பால், விளக்கெண்ணெய், மஞ்சள் எதுவும் வேண்டாம். பாட்டி வைத்தியத்தை நான் குறை சொல்வதில்லை. ஆனால் இது அதற்கான இடமில்லை. அலமாரியில் மிச்சமிருக்கும் கண் சொட்டு மருந்து இன்னும் ஆபத்து. அதில் ஸ்டீராய்டு இருந்து, கருவிழியில் புண்ணும் இருந்தால் கண்ணே போய்விடும். மருந்துக்கடையில் கிடைக்கும் நார்மல் சலைனில் பஞ்சை நனைத்து, இமைமேல் ஒட்டிய அழுக்கை மட்டும் ஒற்றி எடுங்கள். ஈ முட்டையோ புழுவோ தெரிந்தால் அன்றைக்கே மருத்துவர்.

6. பார்வை இருக்கிறதா என்று அறிய, முகத்துக்கு முன் கையை ஆட்டாதீர்கள். காற்றசைவை மீசை முடி உணர்ந்து அணில் விலகும், நாம் ஏமாறுவோம். சிறு பஞ்சு உருண்டையைச் சற்றுத் தள்ளி, ஒவ்வொரு பக்கமாக மேலிருந்து விழவிடுங்கள். சத்தமில்லாமல் விழும் பஞ்சைத் தலை தொடர்ந்தால் அந்தக் கண்ணில் பார்வை இருக்கிறது. கால்நடை மருத்துவர்களும் செய்யும் சோதனைதான் இது.

7. ஒரே பக்கமாகச் சுற்றுவது, தலை சாய்ந்திருப்பது, கண்மணி துடிப்பது எல்லாம் தலையில் அடிபட்டதன் அடையாளமாக இருக்கலாம். அந்த அதிர்ச்சியில் போன பார்வை சில நாட்களில் திரும்புவதும் உண்டு. அதனால் முதல் நாளே நம்பிக்கை இழக்க வேண்டாம். இருட்டும் அமைதியும்தான் இப்போதைக்கு மருந்து. டிவி ஓடும் கூடத்தில் பெட்டியை வைக்காதீர்கள்.

8. எங்கே போவது? கிண்டியில் வேளச்சேரி சாலையில் புளூ கிராஸ் விலங்கு நல அமைப்பு இருக்கிறது. 1903-இல் தொடங்கிய சென்னை கால்நடை மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனை வேப்பேரியில் இருக்கிறது; தாம்பரத்திலிருந்து மின்சார ரயிலில் எழும்பூர் இறங்கினால் பக்கம். எங்கே போனாலும் முன்கூட்டியே போன் செய்து, அணிலைப் பார்ப்பார்களா என்று கேட்டுவிடுங்கள்.

9. தெளிந்து உட்கார்ந்த பிறகு, கொய்யா, சப்போட்டா, உப்பில்லாத வேர்க்கடலை. கிண்ணத்தைத் தினமும் அதே மூலையில் வையுங்கள். வாசனையும் மீசையும் கொண்டு அது வழி கண்டுபிடித்துவிடும்.

10. ஒரு கண் போன அணில், மற்றதெல்லாம் சரியாக இருந்தால், வெளியே பிழைத்துக்கொள்ளும். பிடித்த இடத்திலேயே, காலையில், மழையில்லாத நாளில் விடுங்கள். இரண்டு கண்ணும் போனதை மரத்தில் விடுவது வல்லூறுக்கும் பூனைக்கும் கொடுப்பதுதான். அதை வீட்டிலேயே வைத்துக்கொள்வதா என்பதும் நாமாக முடிவு செய்யும் விஷயமில்லை. மருத்துவரிடமும் வனத்துறையிடமும் கேளுங்கள்.

11. மழைக்காலத்துக்கு முன் தென்னை மட்டை கழிக்க ஆள் வந்தால், கூடு இருக்கிறதா என்று முதலில் பார்க்கச் சொல்லுங்கள். குட்டி இருந்தால் அந்த மட்டையைச் சில வாரம் விட்டுவையுங்கள்.