முதல் களப்பயணம் மூன்று தெரு தாண்டினால் போதும்

தொடக்கப்பள்ளியில் புதிதாகச் சேர்ந்திருக்கும் தம்பி, தங்கைகளே, "பிள்ளைகளை எங்கேயாவது கூட்டிட்டுப் போகலாமா சார்?" என்று வேலைக்கு வந்த முதல் பருவத்திலேயே கேட்கிறீர்கள். தாராளமாகப் போகலாம். தலைமையாசிரியர் வேலையிலிருந்து ஓய்வு பெற்றவன் என்ற உரிமையில் சில விஷயங்களைச் சொல்லி வைக்கிறேன்.

1. முதல் பயணத்துக்குப் பஸ் வேண்டாம். வண்டலூரும் மாமல்லபுரமும் எங்கேயும் ஓடிப்போய்விடாது. பஸ் என்றால் வசூல், வாந்தி, பாதிப் பொழுது சாலையில். உங்கள் ஊரிலேயே தபால் நிலையம், பால் சொசைட்டி, ரைஸ் மில், ரேஷன் கடை, ஏரி மதகு என்று இருக்கிறதே. நடந்து போய்ச் சத்துணவு நேரத்துக்குத் திரும்பிவிடலாம். அந்த நேரத்தைத் தவறவிடாதீர்கள். சில பிள்ளைகளுக்கு அதுதான் அன்றைய வயிறு நிறைந்த சாப்பாடு.

2. நீங்கள் ஒருமுறை தனியாகப் போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள். பெண் பிள்ளைகளுக்குக் கழிப்பறை உண்டா, வழியில் மூடாத கிணறு இருக்கிறதா, ரோட்டை எந்த இடத்தில் கடப்பது, கூட்டம் எப்போது குறையும் என்பதெல்லாம் அங்கே போனால்தான் தெரியும்.

3. கேள்வி இல்லாமல் கிளம்பாதீர்கள். தபால் நிலையத்தையே எடுத்துக்கொள்வோம். சும்மா போனால் பெட்டியைப் பார்ப்பார்கள், மேஜையைப் பார்ப்பார்கள், ஐந்து நிமிடத்தில் ஒருவனை ஒருவன் கிள்ள ஆரம்பிப்பான். முந்தின நாள் வகுப்பில் ஆளுக்கொரு ஐம்பது காசு அஞ்சலட்டை கொடுத்து, அவரவர் வீட்டுக்கே கடிதம் எழுதச் சொல்லுங்கள். முகவரி எழுதும்போதே பாதிப் பேருக்குத் தெருப் பெயர் தெரியாது என்பது வெளிவரும். அதுவே ஒரு பாடம். அப்புறம் பின்கோடு. 1972 ஆகஸ்ட் 15-இல் வந்த ஏற்பாடு அது. ஆறு இலக்கத்தில் முதல் மூன்றும் தபால் பிரிக்கும் மாவட்டத்தைக் காட்டும், கடைசி மூன்றும் நம் தபால் நிலையத்தைக் காட்டும். தமிழ்நாட்டுக்கும் கேரளாவுக்கும் முதல் இலக்கம் 6. நான்காம் வகுப்பில் இடமதிப்பு நடத்த இதைவிட நல்ல எண் எனக்குத் தெரியாது. மறுநாள் அட்டையைக் கையில் பிடித்துக்கொண்டு போகும் பிள்ளை, "பக்கத்துத் தெருவுக்குப் போற கடுதாசியும் டவுனுக்குப் போயிட்டுத்தான் வருமா?" என்று போஸ்ட்மாஸ்டரை மடக்கும். பதிலை அவரே சொல்லட்டும். அட்டை வீட்டுக்கு வந்ததும் முத்திரையில் இருக்கும் தேதியைப் படித்து, எத்தனை நாள் ஆயிற்று என்று கணக்குப் போடச் சொல்லுங்கள். பயணம் முடிந்த பிறகும் ஒரு வாரம் வகுப்பில் அதே பேச்சாக இருக்கும்.

4. தலையை எண்ணுங்கள். கிளம்பும்போது, சேர்ந்ததும், திரும்பும்போது, பள்ளி வாசலில். ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு ஜோடி வைத்துவிட்டால், யாரையாவது காணோம் என்றால் உங்களுக்கு முன் ஜோடி கத்திவிடும். முன்னால் ஒருவர், பின்னால் ஒருவர் கட்டாயம் வேண்டும். ஈராசிரியர் பள்ளி என்றால் பள்ளி மேலாண்மைக் குழுவில் இருக்கும் அம்மாக்களைக் கூப்பிடுங்கள். நம்மைவிடக் கண்ணும் கருத்துமாகப் பார்த்துக்கொள்வார்கள்.

5. போன இடத்தில் நீங்கள் பாடம் நடத்தாதீர்கள். பால் சொசைட்டிக்குச் சாயங்காலப் பால் ஊற்றும் நேரம் பார்த்துக் கடைசிப் பிரியடில் போங்கள். வீட்டுக்கு முன்கூட்டியே சொல்லி அனுப்பிவிடுங்கள். அங்கே லாக்டோமீட்டரைப் பாலில் விடுவார்கள். கண்ணாடிக் குழாய் தூண்டில் தக்கை மாதிரி ஆடி ஆடி நிற்கும், கோட்டைப் பார்த்து எழுதிக்கொள்வார்கள். தண்ணீர் கலந்திருந்தால் இன்னும் கீழே இறங்கும். "எங்க தாத்தா ஊத்துற பாலை இப்பப் பாருங்க" என்று ஒரு வாண்டு கட்டாயம் கேட்கும். அந்த நேரத்தில் நீங்கள் வாயைத் திறக்காமல் இருப்பதுதான் திறமை. மறுநாள் வகுப்பில் ஸ்ட்ராவின் அடியில் கொஞ்சம் களிமண் உருட்டி ஒட்டி, நல்ல தண்ணீரிலும் உப்புக் கரைத்த தண்ணீரிலும் மிதக்க விடுங்கள். எதில் உயர்ந்து நிற்கிறது என்று பிள்ளைகளே கோடு போட்டுப் பார்க்கட்டும்.

6. கரும்பலகையில் எழுதிப்போட்டு எல்லோரையும் ஒரே அறிக்கையைக் காப்பி அடிக்க வைக்கும் பழக்கம் எனக்கு அறவே பிடிக்காது. "நாங்கள் ஒருநாள் களப்பயணம் சென்றோம், மிகவும் மகிழ்ச்சியாக இருந்தது" என்று முப்பது நோட்டிலும் ஒரே வரி. யார் படிப்பது? எழுதத் தெரிந்தவர்கள் தங்கள் கேள்விக்குக் கிடைத்த பதிலை எழுதட்டும். ஒன்றாம், இரண்டாம் வகுப்பு படம் வரைந்து கதை சொல்லட்டும். சொல்வதை அவர்கள் பேசுகிற பேச்சிலேயே படத்தின் கீழ் எழுதிக் கொடுங்கள். தான் சொன்னதைத் தானே எழுத்துக்கூட்டிப் படிக்கிற ஆசை பாடப்புத்தகத்தால் வருவதில்லை.

7. பெற்றோர் சம்மதமும் தலைமையாசிரியர் அனுமதியும் எழுத்தில் இருக்கட்டும். வெளியூர் என்றால் வட்டாரக் கல்வி அலுவலரிடமும் கேட்டு வாங்குங்கள். வாய்ச்சொல் செல்லாது.

8. ஏரிக்குக் கோடையில் போங்கள். தண்ணீர் வற்றியிருக்கும்போதுதான் மதகு எப்படித் திறக்கிறது, கலங்கல் ஏன் கரையைவிடத் தாழ்வு என்பதெல்லாம் பக்கத்தில் நின்று பார்க்கலாம். மழைக்காலத்தில் தூரத்திலிருந்து காட்டினால் போதும். சொந்த ஏரியைப் பார்த்து முடித்த வகுப்பை வேடந்தாங்கலுக்கு அழைத்துப் போனால் பயன் உண்டு. நவம்பர் முதல் மார்ச் வரை பறவைகள் நிறைந்திருக்கும். பறவை எச்சம் கலந்த ஏரித் தண்ணீர் வயலுக்கு உரமாகப் போகிறது, அதனால்தான் ஊர்க்காரர்கள் தலைமுறை தலைமுறையாக அவற்றைச் சுடவிடாமல் காத்தார்கள் என்று சொன்னால், மதகு பார்த்த பிள்ளைக்குச் சட்டென்று பிடிபடும்.

9. பணம் கேட்கிற பயணமாக இருந்தால், அறிவித்த மறுநாள் ஒரு பிள்ளை வந்து, "எங்க பாட்டிக்கு உடம்பு சரியில்ல, நான் வரல சார்" என்று சொல்லும். பாட்டி நன்றாகத்தான் இருப்பார். வகுப்பில் வைத்து எதுவும் கேட்காதீர்கள், யார் கொடுத்தார், யார் கொடுக்கவில்லை என்று பெயரும் வாசிக்காதீர்கள். பள்ளி மேலாண்மைக் குழுவிடமோ பழைய மாணவர்களிடமோ சொல்லி அந்தத் தொகையைச் சத்தமில்லாமல் கட்டிவிட்டு, பட்டியலில் அந்தப் பிள்ளையின் பெயரையும் எழுதிக்கொண்டு, சாயங்காலம் அவர்கள் வீட்டுக்கே போய்ச் சம்மதக் கடிதத்தில் கையெழுத்து வாங்கி வாருங்கள்.